கறை பிடிக்காத தரை

உக்காருங்க சார், யாரும் வரல. பைய நான் மடியில வெச்சிக்கறேன். நல்லா தள்ளி உக்காருங்க.

தப்பா நெனைக்காதீங்க, நீங்க போன்ல பேசினது என் காதுல விழுந்திச்சி. வூடு கட்டறீங்க போல. தரைக்கு மேட் ஃபினிஷ் டைல்ஸ்தான் வேணும், பளபளன்னு இருக்கறது வேணவே வேணாம்னு அந்தக் கடைக்காரன்கிட்ட திருப்பித் திருப்பி சொன்னீங்க. உங்க வூடு, உங்க இஷ்டம், நான் யாரு கேக்கறதுக்கு. ஆனா கேக்கறேன். பளபளப்பு மேல உங்களுக்கு என்னா சார் கோவம்? அது உங்கள என்னா பண்ணிச்சி? ஊர்ல எவனப் பாத்தாலும் மேட் வேணும், மேட் வேணும். சொறி புடிச்ச தரைக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வெச்சிட்டா அது பெரிய சமாச்சாரமா ஆயிடுது.

என் வயிறு எரியுது, அதான் கேக்கறேன். காலையில நானும் எம் பொண்டாட்டியும் இதே பஸ்ஸுலதான் ஊத்தங்கரைக்குப் போனோம். எம் பொண்ணு வினோதினிக்கு இன்னிக்கி வளைகாப்பு. மாப்ள வூட்ல. தலைப்பிரசவம் பொறந்த வூட்லதான் பாக்கணும், அது ஊரு உலகத்துல இருக்கற வழக்கம். வளையல் போட்டு, கலவை சோறு போட்டு, பொண்ண கையோட கூட்டிக்கினு வரணும்னுதான் போனேன். இப்ப தனியா வரேன். பொண்ணும் வரல, பொண்டாட்டியும் வரல. ஏன்னு கேளுங்க. தரை. எங்க வூட்டுத் தரை பளபளன்னு இருக்குதாம். அதனால அந்தத் தரையில கால வெக்க மாட்டாளாம்.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எம் பொண்ணு கல்யாண மண்டபத்துலயே எல்லாரும் சிரிச்சாச்சி, நீங்க ஒருத்தர் பாக்கியா.

பர்கூர்ல பாலிஷ்கார தணிகாசலம்னு யாரை வேணா கேட்டுப் பாருங்க. கிரானைட் கல்லு பாலிஷ். வைரத்துல தேய்க்கற வேலை. நகைக்கடை வைரம் இல்ல, தூளு. ஃபேக்டரியில செய்யற வைரத்தூள உள்ளங்கை அகலத்துல ஒரு பேட்ல பதிச்சி வெச்சிருப்பான். அதை மிஷின்ல மாட்டி, தண்ணிய விட்டுக்கினே கல்லு மேல ஓட்டணும். முதல்ல அம்பது நம்பர், அது முரட்டு ஆளு, மேடு பள்ளத்தையெல்லாம் வழிச்சி எடுத்துடும், கல்லு சொரசொரன்னு ஆயிடும். அப்புறம் நூறு, எரநூறு, நானூறுன்னு அப்படியே ஏறிப் போயி மூவாயிரத்துல முடியும். ஒவ்வொருத்தனும் தனக்கு முன்னாடி போனவன் போட்ட கீறல துடைக்கணும். நடுவுல ஒருத்தன தாண்டிப் போனீங்கன்னா தொலைஞ்சீங்க, கடைசியில வெளிச்சத்துல நின்னு பாத்தா கீறல் அப்படியே தெரியும். கல்லுகிட்ட ஏமாத்து வேலை நடக்காது சார். மனுஷங்ககிட்டதான் நடக்கும்.

மூவாயிரம் நம்பர் முடிச்சி தண்ணிய வழிச்சி விட்டா கருப்புக் கல்லுல உங்க மூஞ்சி தெரியும். மூஞ்சின்னா சும்மா இல்ல, மூக்கு மேல இருக்கற மச்சம் வரைக்கும் தெரியும். எத்தினி கட்டடத்துல என் கை பட்டிருக்கு தெரியுமா? ஆனா ஜனங்களுக்கு அருமை தெரியாது. ஓசூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தரை போட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்றதுக்கு ஒரு சரிவு இருந்திச்சி. அத மட்டும் சொரசொரப்பா வுட்டுடுங்கன்னு எஞ்சினீயர் சொல்லிட்டுப் போனாரு. நான் நின்னு பாத்தேன். சுத்தி எல்லாம் கண்ணாடியா மின்னுது, நடுவுல இது மட்டும் கரப்பான் புடிச்ச தோலு மாதிரி கெடக்குது. மனசு கேக்கல. அதையும் சேத்து மூவாயிரத்துக்கு ஏத்தி வுட்டேன். மறுநாளு அந்தாளு வந்து கத்தறாரு. ஒரு நர்ஸம்மா விழுந்துடிச்சாம். தேஞ்சி போன செருப்பப் போட்டுக்கினு வந்தா விழத்தான் செய்வாங்க. அதுக்குக் கல்லு என்னா பண்ணும்? கடைசியில நானே அம்பது நம்பர் போட்டு, நான் ஏத்தினத நானே கெடுத்துட்டு வந்தேன். அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல.

சரி, ஊரான் கட்டடம் போவட்டும். எங்க வூட்டுக் கதையச் சொல்றேன்.

எம் பொண்டாட்டி பேரு பச்சையம்மா. கல்யாணமான புதுசுல நான் வைரத்துல வேலை செய்யறேன்னு அவ போயி அவங்க அக்காகாரிகிட்ட சொல்லியிருக்கா. அப்ப ஒரு தோடு வாங்கித் தரச் சொல்லேன்னு அவங்க கேலி பண்ணியிருக்காங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிடிச்சி. தோடு தானே? இத்துனூண்டு வைரம். நான் உனக்கு வூடு பூரா வைரத்தால தேச்சித் தரேன்னு சொன்னேன். சொன்னபடி செஞ்சேன். ஃபேக்டரியில மிச்சம் விழற கருப்புக் கல்லா பாத்துப் பாத்து எடுத்தாந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து, கூடம், சமையக்கட்டு, நடை, குளிக்கற ரூமு வாசப்படி வரைக்கும் மூவாயிரம் நம்பர். எந்த ராஜா சார் பொண்டாட்டிக்கு இப்படிப் பண்ணான்?

அதுக்கு அவ என்னா பண்ணா தெரியுமா? சாக்கு போட்டா. அரிசிச் சாக்கு, உரச் சாக்கு, கிழிஞ்ச பொடவை, எது கெடைக்குதோ அது. சமையக்கட்டுலருந்து குளிக்கற ரூமு வரைக்கும் சாக்குலயே ரோடு போட்டுட்டா. நான் வேலை வுட்டு வந்ததும் எல்லாத்தையும் சுருட்டி வெளிய எறிவேன். காலையில பாத்தா திரும்பி வந்திருக்கும். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. இது எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னா பதில் சொல்லலாம். சாக்கு மட்டும் வந்துடும். சாக்குகிட்ட யாரு சார் சண்டை போடறது?

இப்படி ஒருத்தி வயித்துலதான் வினோதினி பொறந்தா. ஆனா அவ என் செல்லம். அவ கல்யாணத்துக்கு நான் என்னா பண்ணேன்னு கேளுங்க, அப்பறம் சொல்லுங்க நியாயத்த.

அம்மி மிதிக்கறது இருக்குதே, உங்களுக்குத் தெரியும். தாலி கட்டினதும் மாப்ள குனிஞ்சி பொண்ணோட கால எடுத்து அம்மி மேல வெச்சி மெட்டி போடுவாரு. அந்த மண்டபத்துல இருக்கற அம்மியப் போயி முன்கூட்டியே பாத்தேன். எத்தினி கல்யாணம் பாத்த கல்லோ, பொத்தல் பொத்தலா, மஞ்சக் கறையும் எண்ணெயுமா கெடக்குது. எம் பொண்ணு கால அதுலயா வெக்கறது? கல்லுல வேலை செய்யறவன் பொண்ணு கால் வெக்கற கல்லு எப்படி இருக்கணும்? பாக்கறவன் வாயப் பொளக்கணும்.

எங்க வூட்டு அம்மிய எடுத்துக்கினு போனேன். பச்சையம்மாவுக்கு அவங்க அம்மா வூட்டுச் சீரா வந்த அம்மி. நல்ல கல்லு, அதுல சந்தேகமே இல்ல. நல்லா அரைபடறதுக்காக முகத்துல கொத்தி வெச்சிருந்த பொளியையெல்லாம் முதல்ல வழிச்சி எடுத்தேன். அப்புறம் அம்பதுல ஆரம்பிச்சி ஒரு நம்பர் வுடாம மூவாயிரம். குழவியையும் வுடல. கொண்டாந்து கூடத்துல வெச்சேன் சார், ஏதோ கறுப்புக் குளத்துத் தண்ணிய அப்படியே தூக்கியாந்து வெச்ச மாதிரி இருந்திச்சி. எனக்கே கண்ணு கலங்கிடிச்சி.

பச்சையம்மா வந்து பாத்தா. பாத்துட்டு, இதுல இனிமே எப்படிங்க அரைக்கறதுன்னு கேட்டா. மொளகா வழுக்கிக்கினு ஓடுமேன்னா. மிக்ஸி இருக்குதில்ல, அதுல அரைன்னேன். வினோதினியும் பாத்துட்டு, அப்பா இது வேணாம்பா, மண்டபத்துல இருக்கறதே போதும்பான்னா. பொண்ணுங்க கூச்சத்துல அப்படித்தான் சொல்லும், உள்ளுக்குள்ள பெருமையா இருக்கும்னு நான் நெனைச்சேன். தப்பா?

மண்டபத்துல அந்த அம்மியப் பாக்கவே கூட்டம். ஐயரு குனிஞ்சி பாத்து நெத்தியில இருந்த விபூதிய சரி பண்ணிக்கினாரு. நான் மேடைக்குப் பக்கத்துலயே நின்னேன். தாலி கட்டியாச்சி. மாப்ள சௌந்தர் குனிஞ்சி எம் பொண்ணு கால எடுத்தாரு. காலு முழுக்க மஞ்சளும் தண்ணியும். அது யாரு தப்பு? பூசினவங்க தப்பு. வீடியோகாரன் வேற, இன்னும் கொஞ்சம் இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்கன்னு உயிர வாங்கறான். மாப்ளயும் கால அழுத்திப் புடிக்கணும்ல? ஏதோ பூவ எடுக்கற மாதிரி எடுக்கறாரு. கல்லு மேல கால வெச்சாரு. சர்ர்ருன்னு போச்சி. எம் பொண்ணு குதிங்காலு நேரா மாப்ள வாயில.

முன் பல்லு பாதி போயிடிச்சி சார். எம் பொண்ணு பின்னால சாயறா, பச்சையம்மா பாஞ்சி வந்து இடுப்போட சேத்துப் புடிச்சிக்கினா. அவ எப்ப அங்க வந்து நின்னான்னே தெரியல, முன்னாடியே கைய நீட்டிக்கினு நின்ன மாதிரி நின்னா. மண்டபம் பூரா ஒரு சிரிப்பு. அப்புறம் ரத்தத்தப் பாத்துட்டு கப்புன்னு அடங்கிடிச்சி. நல்ல நாள்ல ரத்தமான்னு பின்னால யாரோ முணுமுணுக்கறாங்க. மாப்ள மட்டும் வாயில துண்ட வெச்சிக்கினு சிரிக்கறாரு. நல்ல பையன், அத நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த சம்பந்தியம்மா ருக்குமணி. அவங்க என்னா பண்ணாங்க? பரவால்ல, ஒண்ணும் ஆவல, கல்லு மேல ஒரு ஈரத்துண்டப் போடுங்க, திருப்பி செஞ்சிக்கலாம்னாங்க. சொன்னதோட நிக்கல, அவங்களே ஒரு துண்ட நனைச்சி எடுத்தாந்து என் கல்லு மேல விரிச்சாங்க. வூட்லதான் சாக்கு, இங்கயுமா? என்னமோ பொணத்த மூடற மாதிரி மூடறாங்க. மேடையேறிப் போயி துண்ட உருவி எறிஞ்சேன். இந்தக் கல்லு மேல துணி வுழக் கூடாது, அப்படி வுழுந்தா எம் பொண்ணு கால் அதுல படாதுன்னேன். கத்தித்தான் சொன்னேன். மைக்கு பக்கத்துல இருந்திச்சி, எல்லாருக்கும் கேட்டுச்சி.

அப்பறம் என்னா? அந்தப் பொத்தல் அம்மியத் தேடி எடுத்தாந்து அதுல மிதிக்க வெச்சாங்க. என் கல்லு மேடைக்கு அடியில போயிடிச்சி. நான் பந்தியில உக்காரல. அன்னிக்கி யாருமே என்ன சாப்பிடக் கூப்பிடல, அதையும் நான் மறக்கல.

அந்த வீடியோ எல்லார் போன்லயும் ஓடிச்சி. வேலை செய்யற எடத்துல பசங்க என்னப் பாத்தா பல்ல மூடிக்கினு சிரிப்பானுங்க. பொறுத்துக்கினேன். பொண்ணு நல்லா இருக்குதில்ல, போவட்டும்னு பொறுத்துக்கினேன். மாசமா இருக்கறான்னு தெரிஞ்சதும் நான் என்னா பண்ணேன் தெரியுமா? எங்க வூட்ல அவ படுக்கற ரூமு தரைய மறுபடி எரநூறுலருந்து ஆரம்பிச்சி புதுசாட்டம் ஏத்தி வெச்சேன். பேரனோ பேத்தியோ, பொறந்து முதல்ல தவழற தரை. எப்படி இருக்கணும்?

இன்னிக்கி வளையலெல்லாம் போட்டாச்சி. பொண்ணு கை நெறைய வளையல். நல்ல நேரம் முடியறதுக்குள்ள கிளம்பலாம்னு நான்தான் சொன்னேன். கார் கூட பேசியாச்சி. அப்பத்தான் சொல்றா, அப்பா, நான் வரல, இங்கயே பாத்துக்கறேன்னு.

எனக்கு உடனே தெரிஞ்சிடிச்சி, இது சம்பந்தியம்மா வேலை. துண்ட உருவினத மனசுல வெச்சிக்கினு இப்ப பழி வாங்குதுன்னு நெனைச்சி, மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். அந்தம்மா கைய எடுத்துக் கும்பிடுது. நான் ஒண்ணும் சொல்லலைங்க, அம்மா வூட்டுக்குப் போம்மான்னுதான் தெனமும் சொல்லிக்கினு இருக்கேன், முறைன்னு ஒண்ணு இருக்குதேன்னு சொல்லுது. நடிப்பு. சரியான நடிப்புன்னு நெனைச்சேன்.

அப்பத்தான் எம் பொண்ணு எழுந்தா. வயித்தப் புடிச்சிக்கினு மெதுவா எழுந்து எனக்கு நேரா வந்து நின்னா. அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க, இது நானா எடுத்த முடிவுன்னா. அப்பறம் அவ சொன்னத அப்படியே சொல்றேன் கேளுங்க.

“தம்பி வயித்துல இருக்கும்போது அம்மா அந்தத் தரையில விழுந்தாங்களே, அப்ப நான் மட்டுந்தான் பக்கத்துல இருந்தேன். தூக்கப் போயி நானும் விழுந்தேன். எழுந்து மறுபடி தூக்கினேன், மறுபடியும் விழுந்தேன். உங்களுக்கு அது தெரியாதுப்பா. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க.”

அத்தினி பொம்பளைங்க இருக்கற எடத்துல. தட்டு கையில வெச்சிக்கினு எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க.

என்னைக்கோ நடந்தது சார் அது. வினோதினி ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது. ஆம்பளப் புள்ள, தங்கல. விதி, அதுக்கு யாரு என்னா பண்றது? குடத்துலருந்து தண்ணிய சிந்தினது பச்சையம்மா. சாக்கு தடுக்கி விழுந்தாளோ என்னமோ, யாரு பாத்தா? டாக்டரம்மா கூட தரையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நான் ஓடியாந்து பாத்தேன், கூடமெல்லாம் ரத்தம். பச்சையம்மாவ ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து நான்தான் துடைச்சேன். ஒரு ஈரத் துணி, ஒரே துடைப்பு. பொட்டுக் கறை நிக்கல சார். சிமெண்ட்டுத் தரையா இருந்தா உள்ள எறங்கியிருக்கும், ஆயுசுக்கும் கண்ணுல பட்டுக்கினே இருக்கும். அந்த எடம் எதுன்னு இப்ப என்னாலயே காட்ட முடியாது. அப்படி ஒரு பாலிஷு அது. அத யாராவது சொல்றாங்களா? சொல்ல மாட்டாங்க.

அதோட வுட்டாளா எம் பொண்ணு? அம்பது நம்பர் போட்டு தரைய ஒரு ஓட்டு ஓட்டிடுங்கப்பா, சொரசொரன்னு பண்ணிடுங்க, அடுத்த வாரமே நான் வரேங்கறா. சாதாரணமா சொல்றா. ஏதோ செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கச் சொல்ற மாதிரி. எனக்குத் தெரியாதா ஓட்ட? என்ன வுட்டா வேற எவன் ஓட்டுவான்? ஆனா என் கையால ஏத்தினத என் கையாலயே எறக்கணுமா? ஆஸ்பத்திரிக்காரன் சொன்னான், பண்ணேன், அது கூலி வேலை. இது என் வூடு.

பச்சையம்மா பக்கம் திரும்பினேன். அவளுக்காகத்தானே போட்டேன்? அவ வாயாலயே வரட்டும்னு கேட்டேன். நீ சொல்லுடி, கெடுத்துடட்டுமா?

அவ அப்ப பொண்ணோட வளையல்ல பொடவை மாட்டிக்கினு இருந்தத எடுத்து வுட்டுக்கினு இருந்தா. நிமுந்து என்னப் பாத்தா. இத்தினி வருஷத்துல அவ என்ன அப்படி நேருக்கு நேரா பாத்ததில்ல.

“வேணாங்க. நீங்க ஆசையா போட்ட தரை, அது அப்படியே இருக்கட்டும். நான் இவகூட இங்க இருந்துக்கறேன்.”

எவ்ளோ நாளுன்னு கேட்டேன். பாக்கலாங்கன்னா. கோவமா சொல்லியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோவமே இல்ல சார். சிரிச்ச மாதிரி சொல்றா. மாத்துப் பொடவை கூட எடுத்தாரலியேடின்னேன். எடுத்தாந்திருக்கேன்னு சொல்றா. அப்ப காலையில வூட்ட வுட்டுக் கிளம்பும்போதே தெரிஞ்சிதான் வந்திருக்கா. எங்கூட இதே பஸ்ஸுல, எம் பக்கத்துலயே உக்காந்துக்கினு.

நான் எதுவும் சாப்பிடாம எழுந்து வாசலுக்கு வந்துட்டேன். யாராவது கூப்பிடுவாங்கன்னு நின்னேன்னு நெனைக்காதீங்க, செருப்பு மாட்டத்தான் நின்னேன். அவங்க வூட்டுத் தரை வெறும் சிமெண்ட்டுத் தரை, அங்கங்க வெடிச்சிருக்கு, என்ன மாதிரி ஆளு பாத்தா வாந்தி வரும். உள்ள பந்தியில யாரோ ரசம் கேட்டாங்க. பச்சையம்மா ரெண்டு கையிலயும் ரெண்டு குண்டானத் தூக்கிக்கினு அந்தக் கூடத்தத் தாண்டிப் போறா. கீழ பாக்கல. திரும்பி யாருகிட்டயோ பேசிக்கினே போறா. விறுவிறுன்னு, எட்டி எட்டிப் போட்டு, பொடவை படபடன்னு அடிக்குது. ரசத்தக் குடுத்துட்டு அதே வேகத்துல திரும்பி வரா. மறுபடியும் போறா.

அவ அவ்ளோ வேகமா நடப்பான்னு எனக்குத் தெரியாது சார். என்கிட்ட காட்டணும்னே நடந்தா. வேணும்னே நடந்தா.